உருண்ட கல்லும் ஊன்றிய கல்லும்

கற்களில் இரு வகை உண்டு. இயற்கை ஈன்ற கல் ஒன்று. மனிதன் நட்ட கல் மற்றொன்று. முன்னதைக் கண்டால் வியந்து நிற்கிறோம். வியப்பு அடங்குமுன்பே அதற்கொரு புராணத்தைப் புனைந்து விடுகிறோம். பின்னதையோ கண்டும் காணாதவராய்க் கடந்து செல்கிறோம். அதன்மேல் துணி துவைக்கிறோம், அதனை வாய்க்காலுக்குப் பாலமாகப் போடுகிறோம். கதையற்ற கல்லுக்குக் கதை கட்டுவோரும் நாமே. கதையுள்ள கல்லைக் காணாமற் போக்குவோரும் நாமே! இந்த விந்தை எந்த நாட்டிலும் உண்டு எனினும், வீரனுக்குக் கல் நடும் முறையை இலக்கண நூலிலேயே எழுதி வைத்த தமிழர்க்கு இது அழகாகுமா?

மாமல்லபுரம் சென்றோர் அங்குள்ள உருண்டைப் பாறையைக் கண்டிருப்பர். ஏறத்தாழ 6 மீட்டர் உயரம், 250 டன் எடை என மதிப்பிடப்படும் அந்தப் பாறை, சரிவான பாறைத் தளத்தின்மேல், இதோ உருண்டு விடுவேன், அதோ உருண்டு விடுவேன் என்று அச்சுறுத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் உருளவில்லை! கண்ணன் திருடிய வெண்ணெய் உருண்டை என்று அதற்குப் பெயர் சூட்டினர். 1908-இல் ஆளுநர் ஒருவர் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்று மற்றொரு கதையும் உலவுகிறது. யானை இழுத்ததோ இல்லையோ, கதை இழுத்துவரும் கூட்டம் மட்டும் குறைவதில்லை.

அதனை உருட்டியது யார்? வெண்ணெய் திரட்டிய கையன்று; மழையும் வெயிலும் காலமும். நிலத்தின் ஆழத்தில் பெருஞ்சுமையின் கீழே உருவான பாறை, மேலிருந்த மண்ணும் கல்லும் தேய்ந்து அகல அகல, பாரம் இறக்கியவன் நிமிர்வதுபோலச் சற்றே விரிகிறது, விரியும்போது வெடிக்கிறது. நெடுக்கிலும் குறுக்கிலும் பிளவுகள் ஓடிப் பெரும்பாறை பல கட்டங்களாகப் பிரிகிறது. பிளவுவழி நீர் இறங்குகிறது. கட்டத்தின் பக்கத்தை நீர் ஒருபுறம் தாக்குகிறது. விளிம்பை இருபுறம் தாக்குகிறது. மூலையையோ முப்புறமும் தாக்குகிறது. ஆகவே மூலைதான் முதலில் மழுங்கும். வெங்காயத்தின் தோல்போல ஏடு ஏடாக உரிந்து, சதுரமாக இருந்தது உருண்டையாகும். பின்னர்ச் சுற்றியிருந்த மண்ணை மழை அரித்துச் செல்ல, உருண்டை மட்டும் தளத்தின்மேல் எஞ்சும். எங்கிருந்தோ உருண்டு வந்து நின்ற கல்லன்று அது. நின்ற இடத்திலேயே உருண்டையான கல். இந்த உண்மையிலே உள்ள வியப்பு வெண்ணெய்க் கதையில் உண்டா?

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இதே நிலைதான். அங்கே மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. அரக்கனைக் கொன்றபோது சிதறிய எலும்புகள் இவை என்றனர் சிலர். 1781-இல் சொன்னராத் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றைக் கண்டு உலகுக்கு எழுதினார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன்னர் ஆற்று மணலில் புதையுண்ட மரங்கள் அவை என்பது இன்று தெளிவு. நீரில் கரைந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளில் ஏறி ஏறி, மரம் போய் மரத்தின் வடிவம் கல்லாக நின்றது.

பழங்கதை சொன்னவரைப் பழிப்பது எம் நோக்கமன்று. இது எவ்வாறு வந்தது என்று அவர் கேட்டார், கேள்வி நன்று. விடை காணும் கருவி அவரிடம் இல்லை. ஆகவே கதை சொன்னார். கருவியும் கல்வியும் கைக்கு வந்தபின்னும் கதையையே கட்டிக்கொண்டிருப்போரை என்னென்பது? அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. மனிதன் நட்ட கல்லைப்பற்றி அந்தக் கேள்வியைக்கூட நாம் கேட்பதில்லை.

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலையாகப் பகுத்தது தொல்காப்பியம். தக்க கல்லைத் தேடிக் காணல், அதனைக் கொள்ளல், நீராட்டல், நடுதல், படையலிடல், வாழ்த்துதல்! வீழ்ந்தவனின் கல்லன்றித் தொழத்தக்க தெய்வம் வேறில்லை என்னும் கருத்தைப் புறநானூற்றிலே வைத்தார் மாங்குடி கிழார். இவையெல்லாம் ஏட்டுக் கற்பனை என்று எண்ணியிருந்தோரும் உண்டு. 2006-இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழி எழுத்துப் பொறித்த கற்கள், கிறித்துவுக்கு முற்பட்டவை. கூடலூர் ஆகோளில் மாண்ட ஒருவனின் பெயரை அவற்றுள் ஒன்று சொல்கிறது. ஆகோள் என்னும் சொல், ஆநிரை கவரும் போரைக் குறிக்கும் அதே இலக்கணச் சொல்! ஏட்டில் இருந்தது நாட்டிலும் இருந்தது என்று கல் வந்து சான்று பகர்ந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். 7-ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சிக்காலம். கருந்தேவக்கத்தி என்னும் வீரன் ஆநிரை காத்து மாண்டான். அவனுடன் நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயும் அந்தக் கல்லில் இருக்கிறது. உருவம் மட்டுமா? கோவிவன் என்று அதன் பெயரும் இருக்கிறது! நன்றி காட்டிய நாயின் பெயரை 1400 ஆண்டுகள் காத்துத் தந்தது ஒரு கல். பெற்ற பாட்டனின் பெயரையே மறந்து திரிகிறது நம் தலைமுறை.

செங்கம் வட்டாரத்திலே, குன்றுகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் யாம் ஆசிரியப் பணி ஆற்றி வருகிறோம். நடுகல் பாடம் நடத்திய ஒரு நாள், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் தெருக் கிணற்றடியிலும் ஒரு பலகைக் கல் கிடக்கிறது" என்றான். மாணவர் சூழச் சென்றோம். மூதாட்டி ஒருவர் அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரய்யா, எங்கள் மாமியார் காலத்திலிருந்து இதுதான் துவைகல்" என்றார். அவர் இசைவு பெற்று, நால்வர் சேர்ந்து கல்லைப் புரட்டினோம். அடிப்புறத்தில், இடக்கையில் வில் ஏந்தி, வலக்கையில் குறுவாள் பற்றி, ஒரு வீரன் நின்றான். மேலே வட்டெழுத்து இரண்டு வரி. ஈரமும் மண்ணும் தின்றது போக எஞ்சியவை சில எழுத்துகளே. பெயரைப் படிக்க இயலவில்லை. மூதாட்டி நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "இத்தனை நாளும் ஒருத்தன் முதுகிலா துணி துவைத்தேன்?" என்றார். அவர் கண் கலங்கிற்று. ஏட்டுக் கல்வி இல்லாத அந்தத் தாய்க்கு ஒரு நொடியில் புரிந்தது, பட்டம் பெற்றோர் பலர்க்கு இன்னும் புரியவில்லையே!

அன்று முதல் எம் மாணவர் கல் தேடும் காதலராயினர். ஏரிக்கரையில் ஒன்று, புளியந்தோப்பில் ஒன்று எனக் குறிப்பேடு வளர்ந்தது. சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற நெடுங்கல் ஒன்றையும் குறித்தனர். எழுத்தற்ற கல், ஈமக்காடு ஒன்றின் எல்லையில் நின்ற கல். அடுத்த மாதம் அளவெடுக்கச் சென்றபோது கல் இல்லை. சாலையை அகலப்படுத்தியவர்கள் அதனை உடைத்து மதகுக்குப் போட்டு விட்டனர். எழுத்திருந்தால் எடுத்து வைத்திருப்போமே என்றார் பணி மேற்பார்த்தவர். எழுத்தில்லாதவன் மனிதனில்லையா? எழுத்தறியாக் காலத்து மனிதன், தன் அன்பை எழுத வேறு வழியின்றிக் கல்லையே எழுத்தாக நட்டானே. அதனைப் படிக்கத் தெரியாதது யார் குற்றம்?

கற்கள் யாவும் பெருமை பேசுவன அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வளையணிந்த கை ஒன்று உயர்ந்து நிற்கும் கற்கள் உண்டு. கணவன் சிதையில் எரிக்கப்பட்ட பெண்ணின் கல் அது. 1829-இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் சட்டம் தடுக்கும்வரை அந்தத் தீ எரிந்தது. இரு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கியைப் பாருங்கள். வயிற்றில் பிள்ளையோடு மாண்ட பெண்ணின் நினைவாக எழுப்பியது அது. இறக்க முடியாத சுமையோடு இறந்தவள் பெயரால், வழிப்போக்கனின் தலைச்சுமையை இறக்க ஓர் இடம்! அந்தக் கல் நம்மை மகிழ்விக்க நிற்கவில்லை. மருத்துவமின்றி மாண்ட மகளிரை மறவாதே என்று சொல்ல நிற்கிறது. வீரத்தைச் சொல்லும் கல்லை வைத்துக்கொண்டு, கொடுமையைச் சொல்லும் கல்லை மறைப்பதும் வரலாறன்று.

இன்னொரு கல்லின் செய்தி கேளுங்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் மறைந்த ஆங்கில வணிகர் சோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை, 1893-இல் தாமசு ஆலந்து என்னும் நிலவியலார் ஆராய்ந்தார். நம் பல்லாவரத்துப் பாறையைச் சேர்ந்த கல் அது! அந்தப் பாறை இனத்துக்கே சார்னோகைட் என்று பெயரிட்டார். உலகத்து நிலவியல் மாணவரெல்லாம் இன்று அந்தப் பெயரைப் படிக்கின்றனர். நம் ஊர்ப் பாறை, ஒரு வணிகனின் பெயரை உலகெங்கும் ஏற்றிச் சென்றது. காரணம் என்ன? அவன் கல்லை எவரும் உடைக்கவில்லை. அதன்முன் ஒருவர் நின்று கேள்வி கேட்டார். அவ்வளவே.

தமிழ்நாட்டில் 1961 முதல் தொல்லியல் துறை உண்டு. பழஞ்சின்னங்களைக் காக்க 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆயினும் ஒவ்வோர் ஏரிக்கரைக்கும் துறை காவலன் வைக்க முடியுமா? பள்ளி இருக்கும் ஊரிலெல்லாம் காவலர் இருக்கின்றனர்; அரைக்காற்சட்டையும் பாவாடையும் அணிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகின்றனர். பள்ளிதோறும் ஒரு கல் ஏடு வைப்போம். ஊரில் நிற்கும் கல், கிடக்கும் கல், உள்ள இடம், அளவு, உருவம், ஊரார் சொல்லும் செய்தி, அனைத்தையும் எழுதச் செய்வோம். நிழற்படம் எடுப்போம். சுண்ணாம்பும் எண்ணெயும் பூசாது, இடம் பெயர்க்காது, தொல்லியல் துறைக்கு எழுதுவோம். அந்த ஏட்டிலேயே குன்றின்மேல் நிற்கும் உருண்டைப் பாறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். ஊர்க் கதையை இடப்பக்கமும், மழையும் வெயிலும் செய்த வேலையை வலப்பக்கமும் எழுதட்டும் நம் பிள்ளைகள். இரண்டையும் படித்து எது மெய்யென அவர்களே தேறுவர்.

இயற்கையின் கல், அறிவைக் கேட்கிறது. மனிதனின் கல், நன்றியைக் கேட்கிறது. இரண்டும் நம்மிடம் பொன் கேட்கவில்லை, பூ கேட்கவில்லை. உங்கள் ஊர்த் துவைகல்லை இன்று மாலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், தோழர்களே! பெயரிழந்த ஒருவன் அங்கே முகம் புதைத்துக் கிடக்கக்கூடும்.