எட்டு வாசல் பெட்டி

"ஒரு ஸ்விட்ச் வாங்க வேண்டும்" என்று என் கணவர் சொன்னபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. சமையலறை விளக்கின் ஸ்விட்ச் மூன்று மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு ஸ்விட்ச்!

எங்கள் வீட்டு இன்டர்நெட், கூடத்து ரௌட்டரிலிருந்து புறப்பட்டு, இரண்டு சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு வருவதற்குள் சோர்ந்து விழுந்துவிடும். அங்கேதான் அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டர், நான் கட்டுரை எழுதும் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம். கூடத்திலிருந்து ஒரே ஒரு கேபிளை இழுத்துவந்து, பின்னறையில் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டிக்குத்தான் ஸ்விட்ச் என்று பெயராம்.

ரிச்சி தெருவுக்கு நானும் கூடப் போனேன்.

"மேனேஜ்டா, அன்மேனேஜ்டா?" என்றார் கடைக்காரர். முதல் வகைக்கு நாம் உட்கார்ந்து திட்டம் வகுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வகையில் கேபிளைச் செருகினால் போதும், தானே வேலை செய்யும் என்று விளக்கினார்.

"எங்கள் வீட்டில் மேனேஜ் செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவதையே கொடுங்கள்" என்றேன்.

அவர் ஐந்து போர்ட் உள்ள பெட்டியை எடுத்தார். நான் விரல்விட்டு எண்ணினேன். கூடத்திலிருந்து வரும் கேபிளுக்கே ஒன்று போய்விடும், மிச்சம் நாலுதான். நாளைக்கு ஒரு டெலிவிஷன் வந்தால்? எட்டு போர்ட் உள்ளதாகவே வாங்கினோம். அதிலும் 100 மெகாபிட்டை விட்டு, 1000 மெகாபிட் வேகத்துக்கு உரியது. அந்த வேகத்துக்குக் கேபிளின் எட்டு இழைகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆகையால் மட்டமான கேபிளில் காசை மிச்சம் பிடிக்கக்கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் வாங்கியதால் வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டின் வேகம் கூடிவிடாது. குழாயில் வருகிற தண்ணீர் அவ்வளவுதான். குடம் வைக்க இடம்தான் கூடுகிறது.

என் மாமியார் அந்தக் காலத்தில் டிரங்க் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பெட்டியை ஆவலோடு பார்த்து, "இது என்னம்மா செய்கிறது?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் புரியாது, அத்தை" என்றேன். அதை இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

பத்து நாள் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் வீடு முழுவதும் இன்டர்நெட் செத்துவிட்டது. அவருக்கு ஆபீஸ் மீட்டிங். என் கட்டுரையோ பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும். பெட்டியின் விளக்குகள் கல்யாண வீட்டுச் சீரியல் விளக்குப் போலப் படபடவென்று மின்னின.

முதல்நாள் மாலை அத்தை அங்கே தூசி தட்டியது நினைவுக்கு வந்தது.

"அத்தை, எதையாவது தொட்டீர்களா?" என் குரலில் கேள்வி இல்லை, தீர்ப்பே இருந்தது.

அவர் பதில் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கேபிளையும் விரலால் தொட்டபடி முனைக்கு முனை பின்தொடர்ந்தார். நாலாவது கேபிளில் விரல் நின்றது.

"எங்கள் போர்டில் ஒரு கயிற்றின் இரண்டு முனையும் இரண்டு பேரைச் சேர்த்து வைக்கும். இது பெட்டியில் புறப்பட்டுப் பெட்டிக்கே திரும்பி வருகிறதே! தன்னோடு தானே பேசிக்கொள்ளுமா?"

ஒரு முனையைப் பிடுங்கினார். விளக்குகள் சாந்தமாயின. இன்டர்நெட் உயிர்த்தெழுந்தது.

எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமையோ ஞாயிறு இரவோ, மேஜைமேல் அநாதையாகக் கிடந்த அந்த முனையைக் காலியாயிருந்த போர்ட்டில் 'அழகாக'ச் செருகியவள் நானேதான்!

ஸ்விட்சும் ஓர் ஆபரேட்டர்தான். எந்தக் கம்ப்யூட்டர் எந்த வாசலில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, அவரவருக்கு உரியதை அவரவரிடம் சேர்க்கும். 'எல்லோருக்கும்' என்று வரும் செய்தியை எல்லா வாசலிலும் சொல்லும். நான் செருகிய கேபிளால், ஒரு வாசலில் போன செய்தி மறு வாசலில் திரும்பி வர, பெட்டி அதையே ஓயாமல் கூவிக்கொண்டிருந்திருக்கிறது. பெரிய ஆபீஸ்களின் மேனேஜ்டு ஸ்விட்சுகள் இப்படிப்பட்ட சுற்றைக் கண்டு ஒரு வழியை அடைத்துவிடும். அதற்கு 1985-ல் முறை வகுத்தவர் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. எங்கள் வீட்டில் அந்த வேலையை அத்தை செய்தார்.

"மன்னித்துவிடுங்கள், அத்தை" என்றேன்.

"போகட்டும். முதலில் கட்டுரையை அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். சமையலறை ஸ்விட்ச்தான் இன்னும் மக்கர் செய்துகொண்டிருக்கிறது.