தாய் ஒதுக்கிய குஞ்சு

கூஸ் வாத்து ஏறத்தாழ 28 முதல் 32 நாள் அடைகாக்கிறது. ஒரே கூட்டில் இருந்தாலும் முட்டைகள் எல்லாம் ஒரே வேளையில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் நடுவே ஒன்றிரண்டு நாள் இடைவெளி விழுவதுண்டு. முந்திப் பொரித்தவை தூவி காய்ந்து நடக்கத் தொடங்கியதும் தாய்க்குக் கூட்டில் இருப்புக் கொள்ளாது. அவற்றைக் கூட்டிக்கொண்டு புல்லைத் தேடிக் கிளம்பிவிடும். பிந்திப் பொரித்தது ஈரத்தோடு கூட்டிலேயே கிடக்கும். ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் குஞ்சுகளில் பல இப்படிப் பின்தங்கியவைதாம். முதல்முறை அடைகாத்த தாயின் பதற்றம், கூட்டருகே நாயோ கீரியோ வந்து போன கலவரம், குஞ்சின் ஊனம் ஆகியவை மற்ற காரணங்கள். மனிதக் கை பட்ட வாசனையால் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கூஸ் வாத்து தன் குஞ்சை அறிவது குரலாலும் பார்வையாலும்தான். ஆகவே கீழே கிடக்கும் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

கையில் எடுத்த குஞ்சை உடனே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதும் சரியல்ல. அது உண்மையில் ஒதுக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆள் நெருங்கும்போது தாய் கழுத்தைத் தாழ்த்தி நீட்டிச் சீறுவது ஆளைக் குறித்துத்தான். குஞ்சின் மேலுள்ள கோபமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. குஞ்சின் தலையையோ முதுகையோ அலகால் கவ்வி உதறி எறிந்தால் அதுதான் ஒதுக்கல். வெறுமனே பின்தங்கிய குஞ்சு என்றால் அதை உலர்த்தி, உடம்பு சூடேறிய பிறகு, பொழுது சாய்ந்ததும் தாயின் சிறகுக்கடியில் மெல்லச் செருகிவிடலாம். இருட்டில் தாய் எழுந்து கொத்துவது குறைவு. விடியும்போது மற்றக் குஞ்சுகளின் குரலோடு இதன் குரலும் கலந்திருக்கும். தாய் ஏற்காத குஞ்சை ஆண் வாத்து ஏற்றுக் காப்பதும் உண்டு. குடும்பத்தைச் சுற்றிக் காவல் நிற்கும் அதன் இயல்பு அத்தகையது. எப்படியானாலும் சேர்த்துவிட்ட பின் வளர்ப்பவர் அங்கிருந்து நகரக் கூடாது. பெரிய அலகின் ஒரே கொத்து நூறு கிராம் குஞ்சைக் கொன்றுவிடக்கூடும். இரண்டாம் முறையும் கொத்து விழுந்தால் அந்த முயற்சியை விட்டுவிட்டு, குஞ்சைக் கையில் எடுத்து வளர்ப்பதே வழி.

கைக்கு வந்த குஞ்சுக்கு முதல் தேவை சூடு. தீனியும் தண்ணீரும் அதற்குப் பிறகுதான். காலும் அலகும் சில்லிட்டிருக்கும் குஞ்சுக்கு எதைப் புகட்டினாலும் செரிக்காது. வாயில் ஊற்றிய நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடவும் கூடும். ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, உடம்போடு அணைத்தோ விளக்கின் கீழ் வைத்தோ கால் வெதுவெதுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். பொரிவதற்குச் சற்று முன் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் ஒன்றிரண்டு நாளுக்கு அதுவே உணவு. ஆகவே பட்டினி கிடக்கிறதே என்ற அவசரம் வேண்டாம். தொப்புள் ஈரமாக இருந்தால் அயோடின் மருந்து தொட்டு வைக்கலாம். அங்கே காய்ந்து தொங்கும் இழையை மட்டும் பிய்க்கவே கூடாது. குடலோடு தொடர்புள்ள இடம் அது.

குஞ்சை விட ஓர் அகலமான அட்டைப்பெட்டி போதும். ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பல வீடுகளில் குஞ்சு விளக்கடியிலேயே விறைத்துப்போவது இதனால்தான். முதல் வாரம் விளக்கின் கீழ் 32 டிகிரி செல்சியஸ் அளவு இருக்க வேண்டும்; பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். பெட்டியின் மறுமூலை குளிர்ச்சியாக இருப்பது முக்கியம். குஞ்சுக்குச் சூடு வேண்டுமா வேண்டாமா என்பதைக் குஞ்சே நடந்து போய் முடிவுசெய்துகொள்ளும். கோடைப் பகலில் விளக்கை அணைத்துவிட்டு, பின்னிரவில் மட்டும் போட்டால் போதுமானதாக இருக்கும். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்கு, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில் ஒன்று தயாராக இருப்பது நல்லது.

தரை வழுக்கக் கூடாது. செய்தித்தாள் விரித்த பெட்டியில் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் வழுக்கி விரிந்துபோகும். இரண்டு மூன்று நாளில் அதுவே ஊனமாகிவிடும். உமி விரித்தால் தீனி எது உமி எது என்று தெரியாத குஞ்சு அதைத் தின்று அடைத்துக்கொள்ளும். நூல் பிரியாத கோணிச்சாக்கே முதல் வாரத்துக்கு ஏற்றது. கால் விரிந்த குஞ்சுக்கு, பாதங்கள் உடம்புக்கு நேர் கீழே வரும்படி இடைவெளி விட்டு இரு கால்களையும் மருந்துக்கடை ஒட்டுப்பட்டையால் இணைத்துக் கட்டினால், தொடக்கத்திலேயே கவனித்திருக்கும் பட்சத்தில், மூன்று நான்கு நாளில் நிமிர்ந்துவிடும். எறும்பையும் மறக்கக் கூடாது. ஈரம் காயாத தொப்புளுக்கும் சிந்திய தீனிக்கும் எறும்பு தேடி வரும். பெட்டியை ஸ்டூலின் மேல் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் அந்தக் கவலை தீரும்.

பெட்டிக்குள் என்ன குறை என்பதைக் குஞ்சின் குரலே சொல்லிவிடும். சூடும் துணையும் நிறைந்திருக்கையில் மெல்லிய குரலில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருக்கும். இருக்கிறாயா என்று கேட்பதுபோல இருக்கும் அந்தச் சத்தம். கண் சொருகும்போது அது நடுங்கும் இழையாகத் தேய்ந்து அடங்கும். குளிர், பசி, தனிமை ஆகியவற்றில் கூர்மையான ஒற்றைக் கத்தலாக மாறி, பதில் கிடைக்கும் வரை நிற்காது. விளக்கடியில் ஒடுங்கிக் கத்தினால் குளிர். விலகிப் போய் அலகைத் திறந்து மூச்சுவாங்கினால் வெப்பம். இரண்டும் இல்லாமல் பெட்டியின் ஓரத்தில் ஏறப் பார்த்துக் கத்தினால் துணை தேடுகிறது. இந்தக் குரல்களைப் பிரித்தறியக் கற்றவருக்கு வெப்பமானி இரண்டாம் துணைதான்.

சூடேறிய குஞ்சுக்கு முதலில் காட்ட வேண்டியது தண்ணீர். அலகின் நுனியை ஒருமுறை தொட்டு நனைத்தால் போதும், தானே குடிக்கப் பழகிவிடும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. பாத்திரம் அலகும் மூக்குத்துளையும் மூழ்கும் ஆழமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள முடியும். உடம்பு இறங்காதபடி நடுவில் கூழாங்கற்களைப் போட வேண்டும். தாயின் அணைப்பில் வளரும் குஞ்சைவிடத் தனியே வளரும் குஞ்சின் தூவி எளிதில் நனைந்து ஊறிவிடும். வாத்துக்குஞ்சுதானே என்று தொட்டியில் நீந்த விட்டு, குளிரில் பறிகொடுத்தவர்கள் பலர். முதல் வாரத்துக்குப் பிறகு, வெயில் ஏறிய வேளையில், வெதுவெதுப்பான ஆழமில்லாத நீரில் ஐந்து நிமிடம் விட்டு, உடனே துடைத்து உலர்த்தினால் போதும். தீனி இருக்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். உலர்ந்த மாவுத்தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தீனியில் நேரும் பிழை மெதுவாகவே வெளிப்படும். வீட்டில் எளிதாகக் கிடைப்பது சோறு. ஆனால் சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை வளர்க்கா. முதல் மூன்று வாரம் 20 முதல் 22 விழுக்காடு புரதமுள்ள தீவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் கோழிக்குஞ்சுத் தீவனத்தைக் கொடுக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, மருந்து கலக்காத தீவனமாக இருக்க வேண்டும். கலக்கும் அளவு கோழிக்குக் கணக்கிட்டது. கூஸ் குஞ்சு கோழிக்குஞ்சைவிட மிக அதிகம் தின்னும், மருந்தும் அந்த அளவுக்குக் கூடி உள்ளே போகும். மற்றொன்று, நியாசின் என்ற பி வகை வைட்டமின். கோழிக்குஞ்சுக்குப் போதுமான அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இதற்குத் தேவை. அது குறைந்தால் இரண்டாம் வாரத்திலேயே கால்மூட்டு வீங்கி, கால் வில்லாக வளைந்து, குஞ்சு உட்கார்ந்தபடி நகரத் தொடங்கும். தீவனத்தில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கலப்பது எளிய தடுப்பு. அறிகுறி தெரிந்துவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்டு வைட்டமின் சொட்டு மருந்து தொடங்க வேண்டும்.

கடலைப்புண்ணாக்கில் புரதமும் நியாசினும் உண்டு. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கோ கொடிய நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப்புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையே காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். வாத்தினம் அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும். மழைக்காலத்தில் ஈரம் கண்ட புண்ணாக்கையும் தீவனத்தையும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

கூஸ் வாத்து அடிப்படையில் புல் மேயும் பறவை. இரண்டு மூன்று நாளிலேயே இளம் அருகம்புல்லைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஆவலோடு பொறுக்கும். நீளமான புல்லை அப்படியே போட்டால் இரைப்பையில் சுருண்டு அடைக்கும். மண்ணில் வேரூன்றிய புல்லென்றால் அதுவே இழுத்து அறுத்துக்கொள்ளும். ஆகவே சிறிய புல்தரையில் கூட நின்று மேயவிடுவது இன்னும் நல்லது. பூச்சிமருந்து அடித்த இடமாக இருக்கக் கூடாது. பச்சை தின்னத் தொடங்கியதும் அரைவைக்குக் கொஞ்சம் ஆற்று மணலும் வேண்டும். சமையல் தராசில் தினமும் ஒரே வேளையில் எடை பார்ப்பது நல்ல பழக்கம். முதல் நாள் சற்றுக் குறையும். பிறகு ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து ஏறாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஆபத்து நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அன்பு மிகுந்து கொழுத்த தீனியே போட்டுக்கொண்டிருந்தால் சிறகின் நுனி எலும்பு தாங்காத வேகத்தில் இறகு கனத்து, கடைசி மூட்டு வெளிப்பக்கம் திருகிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் புரதத்தை 15 விழுக்காடு அளவுக்கு இறக்கி, புல்லைக் கூட்ட வேண்டும். திருகல் தெரிந்த உடனே சிறகை இயல்பான மடிப்பில் வைத்துச் சில நாள் கட்டினால் சரியாகும். எலும்பு முற்றிய பிறகு சரிசெய்ய முடியாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது துணை. பொரித்த சில மணி நேரத்தில் எதிரே அசைந்து குரல் கொடுப்பது எதுவோ, அதையே கூஸ் குஞ்சு தன் இனமாக மனத்தில் பதித்துக்கொள்கிறது. ஜெர்மானியரான ஆஸ்கர் ஹைன்ரோத் இதை 1911இல் விவரித்தார். ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ் 1935இல் விரிவாக எழுதினார். 1973இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். தன் கண்ணெதிரே பொரிந்த மார்ட்டினா என்ற குஞ்சை அவர் ஒரு வளர்ப்பு வாத்தின் சிறகுக்கடியில் வைத்தார். அது வெளியே வந்து அவரைத் தேடிக் கத்திக்கொண்டே ஓடிவந்தது. தாய் குஞ்சை ஏற்க மறுப்பதுபோல, குஞ்சு தாயை ஏற்க மறுப்பதும் நடக்கும் என்பது வளர்ப்பவர் நினைவில் வைக்க வேண்டியது. தாயிடம் திரும்பச் சேர்க்கும் முயற்சி முதல் நாளிலேயே நடக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான்.

தனிக்குஞ்சுக்கு இன்னொரு கூஸ் குஞ்சு கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிடைக்காவிட்டால் அதே வயது வாத்துக்குஞ்சு ஒன்றைச் சேர்க்கலாம். பெட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடியும் ஒட்டிப் படுக்கத் துணிச்சுருளும் தனிமையை ஓரளவு தணிக்கும். மடியிலேயே வைத்துக் கொஞ்சி வளர்த்த ஆண் குஞ்சு, பருவம் வந்ததும் மனிதரைத் தன் இனப் போட்டியாளராகக் கருதிப் பாயும். கூஸ் வாத்து இருபது ஆண்டு வாழக்கூடியது. ஒரு மாதக் கொஞ்சலின் விளைவை இரு தரப்பும் அத்தனை ஆண்டு சுமக்க வேண்டும். குஞ்சு கத்தும்போது குரல் கொடுப்பது தேவை. எந்நேரமும் கையில் வைத்திருப்பது தேவையில்லை. வாரம் ஏற ஏறக் கை விலக வேண்டும்.

நான்காம் வாரம் வாக்கில், பகல் வேளையில், மந்தை மேயும் இடத்தில் ஒரு பெரிய பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் குஞ்சை விடலாம். நிழலும் தண்ணீரும் உள்ளே இருக்க வேண்டும். மூங்கில் இடைவெளி வழியே மந்தை அதைப் பார்க்கும், அதுவும் மந்தையைப் பார்க்கும். கொத்து மட்டும் எட்டாது. காக்கையும் பருந்தும் கீரியும் அணுகாதபடி ஆள் கண்ணில் இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, எல்லாம் வயிறு நிறைந்து அமைதியாக இருக்கும் மாலையில் திறந்துவிட்டால், முதலில் சில விரட்டல்கள் விழும். அது இடம் காட்டும் முறை. இரத்தம் வராத வரை குறுக்கிட வேண்டாம். குஞ்சு மந்தையின் ஓரத்தில் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். எட்டு முதல் பத்து வாரத்தில் இறகு முழுதும் மூடிவிடும். அதுவரை இரவில் கூரையும் காவலும் தேவை. இரவில் மந்தையோடு ஒட்டிப் படுத்து, காலையில் கதவு திறந்ததும் ஆளைத் தேடாமல் புல்லை நோக்கி நடக்கத் தொடங்கினால், வளர்ப்பவர் ஏற்றுக்கொண்ட வேலை முடிந்தது.