விடுபட்ட ஏடு

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூர் எம் ஊர். சென்ற விடுமுறையில் ஆங்கே யாம் கற்ற பாடமொன்றை இவ்விதழ் படிக்கும் அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். தமிழ் பயிலும் மாணவனுக்கு ஜாவாவோடு என்ன உறவு என வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

எம் திருச்சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு செல்லரிக்கத் தொடங்கிற்று. ஆகலின், கணினியியல் பயிலும் நண்பரொருவரும் யாமும் கூடி, அதிலுள்ள பெயர்களைத் தேடிக் காண்பதற்கு ஜாவா மொழியில் ஓர் இணையச் செயலி அமைத்தோம். நிரலை நண்பர் எழுதினார். பெயர்களை யாம் பதிந்தோம். எம் மடிக்கணினியில் அது பழுதின்றி ஓடிற்று. பதிவேட்டைப் பைண்டு செய்யத் திருவண்ணாமலைக்கு அனுப்பிவிட்டு, செயலியை ஆலய அலுவலகக் கணினியில் நிறுவினோம்.

அன்று மூதாட்டி ஒருவர் வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வயதறியும் சான்று அவருக்கு வேண்டியிருந்தது. "தம்பி, என் பேரு இந்தப் பெட்டியிலே இருக்குதா?" என்றார். "இருக்கிறது பாட்டி" என இறுமாப்புடன் விசையை அழுத்தினோம். பெயர் வரவில்லை. 500 என்னும் பிழையெண்ணும், வேண்டிய நிரற்பகுதி காணப்படவில்லை என்னும் கருத்துடைய நீண்ட தொடரும் திரையை நிறைத்தன. "நாளை வாருங்கள்" என்றோம். அவர் கடலைக்காட்டுக் களையெடுப்பை விட்டு வந்தவர். மறுநாட் கூலியும் போயிற்று.

பிறர் எழுதிவைத்த உதவி நிரல்களின் தொகுதியை லைப்ரரி என்பர்; ஜாவாவில் அது ஜார் என்னும் கோப்பாக வரும். அதனை நண்பர் சேர்க்க மறந்தார் என முடிவு கட்டி, "அரைகுறையாகத் தந்துவிட்டீரே!" எனத் தொலைபேசியிற் கடிந்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. பின்னர் இணையத்தில் அகப்பட்ட ஜார் கோப்புகளையெல்லாம் இறக்கி, செயலியின் வெப்-இன்ஃப் கோப்புறையிலுள்ள லிப் என்னும் இடத்தில் நிரப்பினோம். ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகள் ஒருங்கே புகுந்தமையால் பழைய பிழையோடு புதுப்பிழையும் சேர்ந்தது.

அவ்விரவு, வகுப்பிற் கேட்ட செய்தியொன்று நினைவிற்கு வந்தது. 1889-இல் பத்துப்பாட்டை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், குறிஞ்சிப்பாட்டின் ஏடுகளில் பூப்பெயர்கள் சில விடுபட்டிருக்கக் கண்டார். தமக்குத் தெரிந்த பூக்களைப் பெய்து அவ்விடத்தை நிரப்பினாரல்லர். தருமபுர ஆதீனத்தின் ஏடுகளில் தேடி, விடுபட்டவற்றையே கண்டெடுத்தார். யாமோ விடுபட்டது யாதென்று பார்த்திலோம்!

விடியலில் யாம் திணித்தவற்றை நீக்கினோம். செயலியைத் தாங்கும் டாம்கேட் சர்வரின் லாக்ஸ் கோப்புறையிலுள்ள குறிப்பேட்டைத் திறந்து, 'காஸ்டு பை' எனத் தொடங்கும் வரிகளுள் கடைசியானதைப் படித்தோம். விடுபட்டதன் பெயர் 'ஜாவாக்ஸ்.சர்வ்லெட்' எனத் தொடங்கிற்று. இது செயலி சுமந்து வரவேண்டியதன்று, சர்வரே தருவது. 2017-இல் ஆரக்கிள் நிறுவனம் இத்துறையை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு ஒப்புவிக்க முன்வந்தது. 2020-இல் வந்த ஜகார்த்தா 9-ஆம் பதிப்பில் 'ஜாவாக்ஸ்' என்னும் முன்பெயர் 'ஜகார்த்தா' என மாறிற்று. டாம்கேட் 9 பழம்பெயரை அறியும். 10 புதுப்பெயரையே அறியும். எம்மிடம் இருந்தது 9. புதியது நன்றென்று அலுவலகத்தில் யாம் நிறுவியது 10. அங்கும் 9-ஐ நிறுவினோம்.

அப்பிழை நீங்க, மற்றொன்று தோன்றிற்று: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு செயலியை இணைக்கும் டிரைவர் இல்லை. எம் மடிக்கணினியில் தேடினோம். அது செயலிக்குள் இல்லை. டாம்கேட்டின் சொந்த லிப் கோப்புறையில் இருந்தது. பல திங்கள் முன்னர் அதனை ஆங்கு வைத்தவர் யாமே! அதனால் எம்மிடத்தில் ஓடிய செயலி, வேற்றிடத்தில் நின்றது. அந்த ஒரு கோப்பைச் செயலியின் லிப் கோப்புறையில் வைத்துச் சர்வரை மீண்டும் தொடங்கினோம்.

மூதாட்டி வந்தார். பெயரும் நாளும் திரையில் தோன்றின. தம் தந்தையார் பெயரை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் நண்பரை அழைத்து, பிழை எம்முடையதே எனக் கூறி மன்னிப்பு வேண்டினோம். "குறிப்பேட்டை முதலிலேயே படித்திருக்கலாமே" என்றார் அவர், வேறொன்றும் சொல்லவில்லை. விடுபட்டதன் பெயரை அறிந்து தேடுதல் வேண்டும்; அறியுமுன் பிறரைக் கடிதல் ஆகாது. இவ்விரண்டையும் யாம் ஒரு நாள் தாழ்த்து அறிந்தோம். அந்த ஒரு நாட் கூலியை இழந்தவர் அம்மூதாட்டி என்பதை மறந்திலோம்.