குளத்தில் தங்குவது எது?

நீச்சல் குளக் கடையில் ‘லிக்விட் குளோரின்’ என்று விற்கிற குடுவையும், வெள்ளைத் துணிக்காகச் சலவை அறையில் வைத்திருக்கிற பிளீச் பாட்டிலும் ஒரே சரக்குதான். இரண்டிலும் இருப்பது தண்ணீரில் கரைந்த சோடியம் ஹைப்போகுளோரைட். கடைக் குடுவையில் அது 10 முதல் 12.5 சதவீதம், வீட்டு பிளீச்சில் பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதத்துக்குள். இங்கே அரிசோனாவில் வீடு வாங்கும்போது பல நேரம் கொல்லைப்புறக் குளமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அப்படிக் குளத்துக்குச் சொந்தக்காரர்களாகிவிட்ட நம்மவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. “அண்ணாச்சி, இது துணிக்கு ஊத்துறதுல்லா? இதுக்குள்ள பிள்ளைகள எப்படி இறக்க?” என்று அடுத்த தெருத் தென்காசிக்காரர் கேட்டார். பிள்ளைகளை இறக்குவதற்கு முன் கேட்க வேண்டிய சரியான கேள்வி அது.

அவருக்கு நான் சொன்னது ஊர்க் கிணற்றைப் பற்றி. பிளீச்சிங் பவுடரையும் மணலையும் கலந்து, துளையிட்ட பானையில் நிரப்பிக் கிணற்றுக்குள் கட்டித் தொங்கவிடுவார்கள். மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் வாளியில் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் என்பது பொதுச் சுகாதாரப் பாடப்புத்தகங்களில் உள்ள கணக்கு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியின் குடிநீருக்கு 1908-இல் டாக்டர் ஜான் லீல் குளோரின் சேர்க்கத் தொடங்கியபோது அவர் கையில் இருந்ததும் பிளீச்சிங் பவுடர்தான். பவுடரில் குளோரின் கால்சியத்தோடு இருக்கிறது, பிளீச்சில் சோடியத்தோடு. தண்ணீரில் விழுந்ததும் இரண்டும் தருவது ஒன்றையே: ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியைக் கொல்வது அதுதான்.

கணக்கு எளிது. என் குளம் சுமார் 57,000 லிட்டர். அதில் 6 சதவீத பிளீச் ஒரு லிட்டர் ஊற்றினால் குளோரின் ஏறத்தாழ ஒரு பிபிஎம் ஏறும். அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. 12 சதவீதக் குடுவை என்றால் அரை லிட்டர் போதும். குளத்தின் கொள்ளளவும் பாட்டிலின் சதவீதமும் தெரிந்தால் மற்றதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். விலையையும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும். பாட்டிலின் பருமனைப் பார்த்து ஏமாறாமல், ஒரு பிபிஎம் ஏற்ற எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். சில வாரங்களில் சலவைப் பகுதி பாட்டில் மலிவாக இருக்கும், சில வாரங்களில் குளக்கடைக் குடுவை.

உண்மையான வேலை வெயிலில்தான் தொடங்குகிறது. பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரினை நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாக்கிவிடும். ஃபீனிக்ஸ் பக்கத்துக் கோடையில் காலையில் போட்டது மத்தியானத்துக்கு இருக்காது. அதனால்தான் ஸ்டெபிலைசர் என்று வழங்கும் சயனூரிக் அமிலம் சேர்க்கிறோம். அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பிடிபட்டிருக்கும்போது வெயிலால் அதை அவ்வளவு சீக்கிரம் அழிக்க முடியாது. 30 முதல் 40 பிபிஎம் ஸ்டெபிலைசர் இருந்தால் ஒருநாள் பொழுதைத் தாங்கலாம்.

ஆனால் பிடிபட்ட குளோரின் கிருமியையும் பாசியையும் உடனே கொல்லாது. ஸ்டெபிலைசர் கூடக்கூடக் குளோரினையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஸ்டெபிலைசர் அளவில் ஏறத்தாழ ஏழரை சதவீதத்துக்குக் கீழே குளோரின் இறங்கக் கூடாது என்பது இந்த வேலையில் கை பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 3. அதுவே 100 ஆனால் ஏழரை! அப்போது டெஸ்ட் கிட்டில் 3 என்று காட்டும், குளமோ பச்சையாகிக்கொண்டிருக்கும். குடும்பப் பணமெல்லாம் பெட்டியில் பத்திரமாக இருந்தும் சாவி ஊருக்குப் போனவர் இடுப்பில் இருப்பது போன்ற நிலை.

தென்காசிக்காரர் குளத்தில் நடந்ததும் இதுவே. முந்தைய உரிமையாளர் மிதவையில் மாத்திரைகளைப் போட்டுவிட்டு, தேய்ந்ததும் அடுத்ததை வைத்துக்கொண்டிருந்தாராம். டிரைகுளோர் என்கிற அந்த மாத்திரையின் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலம். மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் ஏறினால் கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் ஏறும். கோடையில் குளம் நாளொன்றுக்கு 3 பிபிஎம் குளோரின் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 90. அதோடு வந்து சேரும் ஸ்டெபிலைசர் 54. ஒரே மாதத்தில்! குளோரின் வேலை முடிந்து போய்விடுகிறது, ஸ்டெபிலைசர் போவதில்லை. தண்ணீர் ஆவியானாலும் அது குளத்திலேயே நிற்கும், ஃபில்டரிலும் சிக்காது. குறைக்க வேண்டுமானால் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் நம்பகமான வழி.

பாலைவனத்தில் ஒரு குளத்துத் தண்ணீரில் பாதியைச் சாக்கடைக்கு அனுப்புவதைவிட மனத்தை உறுத்தும் காரியம் எனக்குத் தெரிந்து இல்லை. அதிலும் கோடையில் செய்ய முடியாது. நீர்மட்டம் இறங்கிய சுவரில் வெயில் அடித்தால் பூச்சு வெடிக்கும். வெப்பம் தணியும்வரை அவர் காத்திருந்து, பாதி நீரை மாற்றி, அதன் பிறகு பிளீச்சுக்கு வந்தார்.

நான் பிளீச்சைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு குளோரினும் தன்னோடு ஒன்றைக் கூட்டிவருகிறது. மாத்திரை ஸ்டெபிலைசரை விட்டுச் செல்லும். பவுடராக விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட் கால்சியத்தை விட்டுச் செல்லும். எங்கள் குழாய்த் தண்ணீரே கடினநீர், அதோடு இதுவும் சேர்ந்தால் ஓடு பதித்த விளிம்பில் வெள்ளைக் காரை படியும். பிளீச் விட்டுச் செல்வது சமையல் உப்பை. மாதத்துக்கு 90 பிபிஎம் குளோரின் என்றால் உப்பு சுமார் 150 பிபிஎம். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் இயந்திரம் வைத்த குளங்கள் 3,000 பிபிஎம் வாக்கில்தான் ஓடுகின்றன. ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் உப்பும் சேரத்தான் செய்யும், ஆனால் பாசிக்கு எதிரான என் கையை அது கட்டிப்போடுவதில்லை.

பிஹெச் பற்றி ஒரு வார்த்தை. பிளீச் காரமானது என்பதால் அதை ஊற்றினால் பிஹெச் ஏறிக்கொண்டே போகும் என்று கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். ஊற்றியதும் ஏறுவது உண்மை. குளோரின் செலவாகும்போது அமிலம் உண்டாகி, ஏறியதில் பெரும்பகுதி இறங்கிவிடும். என் குளத்தில் பிஹெச் ஏறுவதற்குப் பெரிய காரணம் அருவி போல் விழும் நீர்தான்; அது தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை வெளியேற்றிவிடுகிறது. 7.8-ஐத் தாண்டினால் கொஞ்சம் மியூரியாட்டிக் ஆசிட், அவ்வளவே.

இந்த முறையின் விலை, அன்றாடக் கவனம். மாத்திரை தானாகக் கரையும். பிளீச்சை யாராவது ஊற்றியாக வேண்டும். ஊற்றுவதற்கு முன் அளந்தாக வேண்டும். அளக்காமல் ஊற்றுவதை நான் பராமரிப்பு என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். நிறம் மாறும் காகிதப் பட்டைகள் எனக்குப் போதவில்லை. நான் பயன்படுத்துவது சொட்டு முறை: பத்து மில்லி குளத்து நீரில் பொடியைப் போட்டால் இளஞ்சிவப்பாகும், நிறம் மறையும்வரை சொட்டு சொட்டாக விட வேண்டும், ஒரு சொட்டுக்கு அரை பிபிஎம். இரண்டு சிவப்புகளில் எது அடர்த்தி என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

நிற அட்டையோடு ஒப்பிடும் கிட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அதே குளோரின் சோதனைச் சாயத்தையும் வெளுத்துவிடும். குழாயில் நிறமே வராது. ‘குளோரின் இல்லை’ என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். சந்தேகம் வந்தால் குளத்து நீரோடு அதே அளவு குழாய் நீரைக் கலந்து மறுபடி பாருங்கள். நிறம் வந்துவிட்டால், குளத்தில் குளோரின் பெருகிக் கிடக்கிறது என்று பொருள்.

ஸ்டெபிலைசர் சோதனை வேறு மாதிரி. மருந்து கலந்ததும் நீர் பால் போல் கலங்கும். அதை அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். வெளிச்சத்தில் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தால்தான் இந்த அளவு சரியாக வரும்.

நான் மாலையில் ஊற்றுகிறேன். இரவு முழுக்க வெயிலின் தொந்தரவு இல்லாமல் குளோரின் வேலை செய்யும். பம்ப் ஓட வேண்டும். தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு எதிரே, நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் பாட்டிலைச் சாய்த்து மெல்லிய தாரையாக விட வேண்டும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அவசியம். மறுநாள் அளந்து, லேபிளில் சொன்ன அளவுக்குள், பெரும்பாலும் 4 பிபிஎம்முக்குள், இறங்கிய பிறகுதான் யாரும் குளத்தில் இறங்கலாம்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை இங்கே மான்சூன் காலம். மழையைவிடப் புழுதிதான் முதலில் வரும். வானத்தை மறைக்கும் பழுப்புச் சுவர் கடந்துபோனதும் குளத்தில் மண்ணும் இலையும் பூச்சியும் கிடக்கும். மறுநாளே குளோரின் அதலபாதாளத்தில் இருக்கும். அப்போது நான் நம்புவது இரவுச் சோதனையை. சூரியன் மறைந்த பிறகு ஒரு முறை, விடியும் முன் ஒரு முறை அளப்பேன். இரவில் வெயில் இல்லை. ஆகவே குறைந்திருந்தால் அதைத் தின்றது தண்ணீருக்குள் இருக்கும் உயிரோ அழுக்கோதான். ஒரு பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால், கண்ணுக்குப் பச்சை தெரியாவிட்டாலும் பாசி முளைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, குளோரினை ஏற்றி, இரவில் குறையாத நிலை வரும்வரை அதை இறங்க விடமாட்டேன். குளம் பச்சையான பிறகு செய்யும் வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இது இல்லை.

மூக்கை நம்ப வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். குளத்தருகே மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாசனை’ வந்தால் குளோரின் அதிகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த குளோரின், குளோரமின்களாக மாறி எழுப்பும் நெடி அது. கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். அங்கே வேலை செய்யத் தயாரான குளோரின் போதவில்லை என்றே பெரும்பாலும் பொருள். நல்ல குளம் அநேகமாக நெடியடிக்காது.

2020 ஆகஸ்டில் லாரா புயல் அடித்தபோது லூசியானாவின் லேக் சார்ல்ஸ் அருகே மாத்திரை செய்யும் ஆலை ஒன்று எரிந்தது. அடுத்த கோடையில் நாடெங்கும் மாத்திரைத் தட்டுப்பாடு. அப்போது பலர் பிளீச்சுக்கு மாறினார்கள். அவசரத்தில் மாறியவர்களில் சிலர் கைக்குக் கிடைத்த பாட்டிலை எல்லாம் வாங்கினார்கள். வாசனை சேர்த்தது, தெறிக்காதபடி கெட்டியாக்கியது, நுரைப்பது எதுவும் குளத்துக்கு ஆகாது. வண்ணத் துணிக்கானது என்று எழுதியிருந்தால் அதில் பெரும்பாலும் குளோரினே இருக்காது. சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் பயன்படுத்தும் முறையும் லேபிளில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த லேபிளுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. தேதியையும் பாருங்கள். பிளீச் வெப்பத்தில் வீரியம் இழக்கும். செறிவு கூடினால் இழப்பும் வேகம். எங்கள் ஊர்க் கோடையில் கராஜில் வைத்த 12 சதவீதக் குடுவை சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள்.

பிளீச்சும் ஆசிட்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். ஒரே வாளியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். மாத்திரை கிடக்கும் மிதவையிலோ ஸ்கிம்மரிலோ பிளீச்சை ஊற்றாதீர்கள். அந்தக் கலப்பு தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். குளத்தில் ஒன்றை விட்டால், பம்ப் ஓடித் தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகே அடுத்தது.

தினமும் சில நிமிடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு நான் பிளீச்சைச் சிபாரிசு செய்வதில்லை. அவர்கள் உப்பு இயந்திரம் வைத்துக்கொள்ளட்டும். மாத்திரைதான் போடுவோம் என்றால், ஸ்டெபிலைசரை மாதம் ஒரு முறையாவது அளக்கட்டும்.

எவ்வளவு சரியாக ஊற்றினாலும் குளோரினுக்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதில் சில நிமிடங்களில் சாகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் அப்படியல்ல. ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் ஒரு பிபிஎம் குளோரினில் அது பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வாரக்கடைசி விருந்துக்கு வரும் வீட்டாரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்க வேண்டாம். கிரிப்டோ என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் வேண்டாம்.