கேள்வி கேட்டா மலையும் பேசும்!

'அடுத்த லீவுக்கு எங்க போகலாம்?'னு உங்க கேங்ல கேட்டா ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு வழக்கமான பேர்தானே வரும்? ஒரு சேஞ்சுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் வண்டியை விடுங்க. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. அருவி இருக்கு, அணை இருக்கு, மலை இருக்கு. எல்லாத்துக்கும் மேல, கேள்வி கேட்கிறவங்களுக்கு இங்கே தீனி நிறைய இருக்கு!

முதல் ஸ்டாப், திருக்கோவிலூர். தென்பெண்ணை ஆற்றுக்குள் தனியாக நிற்கும் பாறைக்குப் பேர், கபிலர் குன்று. நண்பன் பாரி இறந்த பிறகு, சங்கப் புலவர் கபிலர் உயிர்விட்ட இடம் இதுதான்னு ஊர்க்காரங்க காட்டுவாங்க. இங்கே இருக்கும் வீரட்டேஸ்வரர் கோயில் கல்வெட்டும், கபிலர் தீயில் இறங்கியதைச் சொல்லுது. அவர் எழுதிய குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக 99 பூக்கள் வரும். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மறந்திருப்பீங்க! ஆனா யோசிச்சுப் பாருங்க... கூகுள் இல்லாத காலத்தில் ஒரு மனுஷனுக்கு இத்தனை பூ எப்படித் தெரிஞ்சிருக்கும்? மலையேறிப் பார்த்திருக்கணும். 'இதுக்கு என்ன பேரு?'ன்னு அங்கே இருக்கிறவங்ககிட்ட கேட்டிருக்கணும். சரி, தினமும் நீங்க பைக் நிறுத்துறீங்களே, அந்த மரத்துக்கு என்ன பேரு?

அடுத்து, கள்ளக்குறிச்சி. இந்த ஊர் மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. வாகை, தேக்கு மாதிரி மரங்களில் உளி வைத்து சாமி சிலைகளைச் செதுக்குறாங்க. பட்டறையில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. சின்ன வயசுல உளி பிடிச்சவங்க, தலை நரைச்ச பிறகும் புது மரக்கட்டையை உடனே வெட்டிடுறதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து, ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கை வைக்கிறாங்க. ஒவ்வொரு கட்டையும் அவங்களுக்குப் புதுப் பாடம். இந்த கோர்ஸுக்கு ஃபைனல் செமஸ்டரே கிடையாது பாஸ்!

இனி மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை எட்டிப் பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறினால் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வெள்ளிமலைதான் இங்கே மெயின் ஊர். இங்கே வாழும் பழங்குடி மக்களுக்குப் பேர் மலையாளிகள். உடனே கேரளான்னு முடிவு பண்ணிடாதீங்க. பேசுறது தமிழ்தான். அவங்க முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக ஒரு வாய்மொழிக் கதை இருக்கு.

அருவியில் குளிச்சுட்டு இறங்கினா இந்த மலையின் பெரிய கதை உங்களுக்குத் தெரியாமலே போயிடும். 1947-ல் நாட்டுக்கு விடுதலை. 1950-ல் அரசியல் சட்டம். ஆனா கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் பிடி 1976 வரைக்கும் நீடிச்சது! அவங்களுக்கு வரி கட்டணும், கூலி இல்லாம வேலை செய்யணும். கீழே ஒரு சட்டம் இருக்கு, அதில் நமக்கும் உரிமை இருக்குன்னு மேலே யார் போய்ச் சொல்றது? பள்ளிக்கூடமும் ரோடும் இல்லாத இடத்தில் 'ஏன்?'னு கேட்கிறதே பெரிய விஷயம். தெரியாம வெச்சிருந்தாலே போதும், தனியா விலங்கு எதுக்கு?

இன்னிக்கு மலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் திறக்கிற பிள்ளைகள் அங்கே படிக்கிறாங்க. அவங்களுக்குப் படிப்புங்கிறது மார்க் ஷீட் மட்டும் இல்லை. அப்பாவை ஏமாத்தி யாரும் கைநாட்டு வாங்க முடியாதுங்கிற தைரியம்.

அதே சமயம், பள்ளிக்கூடம் போகாத அவங்க பாட்டியைச் சாதாரணமா நினைச்சிடாதீங்க. சாமை எப்போ விதைக்கணும், கடுக்காய் எந்தப் பக்குவத்தில் பறிக்கணும்னு கேட்டுப் பாருங்க. நாமெல்லாம் நோட்ஸ் எடுக்கணும்!

தமிழில் 'கேள்வி'ன்னா கேட்கிற வினாவும்தான், காது கொடுத்துக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறதும்தான். திருக்குறளில் கல்வி 40-வது அதிகாரம், கேள்வி 42-வது, அறிவுடைமை 43-வது. டிகிரி மூணு வருஷத்தில் முடிஞ்சிடும். கேள்வியை மட்டும் அரியர் வெச்சுடாதீங்க!

கிளம்பும் முன்: கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் உண்டு. மழைக்காலத்தில் மேகம், பெரியார் அருவிகளில் தண்ணீர் கொட்டும். வெள்ளம் வந்தால் இறங்க வேண்டாம். சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க. யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீங்க. முதல்ல உட்கார்ந்து பேசுங்க. பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.