பெயர்ப்பலகை

என்னுடைய சாதிச் சான்றிதழில் 'மருத்துவர்' என்று எழுதியிருக்கும். கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் நிமிர்ந்து பார்த்து, "அப்பா டாக்டருங்களா சார்?" என்று மரியாதையோடு கேட்டார். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "திருக்கோவிலூர்ல சின்னதா ஒரு தொழில்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த இரண்டு சொற்களுக்குள் அப்பாவின் சலூனை மறைத்து வைத்துக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சங்க இலக்கியம் நடத்தியிருக்கிறேன்.

மருத்துவர், நாவிதர், மங்கலா என்று எங்களுக்கு அரசுப் பட்டியலில் பல பெயர்கள். மருத்துவர் என்பது வெறும் அலங்காரப் பெயரன்று. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது; நோய் பார்ப்பவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்பவர், பணிப்பெண்கள் என்று நீளும் அந்தப் பணியாளர் வரிசையில் நாவிதனுக்கும் இடமுண்டு. என் பாட்டி நான்கைந்து ஊர்களுக்குப் பேறு பார்த்தவள். தாத்தா கட்டி கீறுவார், சுளுக்கு எடுப்பார், அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சிரைப்பார். அறுவடைக்குப் பிறகு களத்துமேட்டில் அவருக்குப் படி அளப்பார்கள். ஊரில் அவரைக் 'குடிமகன்' என்று அழைப்பார்கள். அரசியலமைப்புச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே நாங்கள் குடிமக்கள் என்று என் தம்பி வேடிக்கையாகச் சொல்வான். தாத்தா சேரிக்குப் போகமாட்டார். அது ஊர்க்கட்டு என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அப்பா அடைப்பத்தோடு வீடு வீடாகப் போக மறுத்தார். 1974-இல் திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் பத்தடிக்கு எட்டடி இடம் பிடித்து, ஒரு சுழல் நாற்காலியும் இரண்டு கண்ணாடிகளும் வாங்கிப் போட்டார். யார் வந்தாலும் அதே நாற்காலி. அதற்காகத் தொடக்கத்தில் சில சண்டைகள் வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பா அந்தச் சண்டைகளைப் பற்றிப் பேசியதில்லை, தகரப் பலகையைப் பற்றித்தான் பேசுவார். நீல வண்ணத்தில் வெள்ளை எழுத்து. தலைப்பெழுத்தோடு அவருடைய முழுப்பெயர். சிறுபிள்ளைகள்கூட 'டேய்' போட்டு அழைத்த ஒரு மனிதரின் மகன், தன் பெயரை எழுதி வாசலில் மாட்டினார். அந்தப் பலகை இன்றும் இருக்கிறது.

எங்கள் இருவரையும் அவர் கத்தரியைத் தொட விட்டதேயில்லை. விடுமுறை நாள்களில்கூடக் கடைக்குள் நின்றால் விரட்டிவிடுவார். நான் தமிழ் படித்தேன். நான்கு வயது இளையவனான தம்பி பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தான். பதினான்கு ஆண்டுகள் இருந்தான். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, வேலைய விட்டுட்டேன்" என்றான். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "வெல்னஸ் சென்டர். ஃபிரான்சைஸ்" என்றான். எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு கேட்டேன்: "அதுல முடி வெட்டுவாங்களா?" மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். "அதுவும் உண்டுண்ணா."

இந்தத் தொழில்முறை நம் பக்கத்தில் பரவியதற்குக் கடலூர்க்காரர்களுக்கு ஒரு பங்குண்டு. 2000-இல் சென்னைக் காதர் நவாஸ்கான் சாலையில் வீணா குமாரவேல் 'நேச்சுரல்ஸ்' என்னும் அழகு நிலையத்தைத் தொடங்கினார். அவருடைய கணவர் சி.கே.குமாரவேல், சிறு உறைகளில் ஷாம்பு அடைத்து விற்கலாம் என்று காட்டிய கடலூர் சின்னிகிருஷ்ணனின் மகன். 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தொழில் தொடங்கிப் பின்னாளில் கெவின்கேர் நிறுவனத்தை வளர்த்த சி.கே.ரங்கநாதனின் உடன்பிறப்பு. முடி வெட்டும் தொழிலுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கியதைக் குமாரவேல் மேடைகளில் சொல்லியிருக்கிறார். கிளைகளை எல்லாம் தாமே நடத்தாமல், பெயரையும் முறையையும் பிறருக்குக் கொடுத்து நடத்தச் சொல்லும் வழியில் அது வளர்ந்தது. வீட்டிலிருந்த பெண்கள் பலர் அவ்வழியே முதலாளிகளானார்கள். அது மெய்யான மாற்றம்தான். கத்தரி பிடிக்கத் தெரியாதவரும் சலூன் வைக்கலாம் என்றாகிவிட்டது. என் தம்பிக்கும் கத்தரி பிடிக்கத் தெரியாது. அதற்குத்தானே அப்பா பாடுபட்டார்!

தம்பி சேர்ந்தது வேறொரு நிறுவனம். அதன் பெயர் இங்கே வேண்டாம். மொத்தம் 38 லட்சம் ஆயிற்று. பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஒரு தொகை. அவர்கள் வரைந்து கொடுத்தபடி, அவர்கள் சொன்ன ஒப்பந்தக்காரரைக் கொண்டு உள்ளலங்காரம். மேடவாக்கத்தில் பத்து மாத வாடகை முன்பணம். நாற்காலிகள், நீராவிப் பெட்டி. தம்பியின் சேமநிதி, அவன் மனைவியின் நகைகள், வங்கிக் கடன். நான் மூன்று லட்சம் கொடுத்தேன். அதைப் பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. ஆங்கிலப் பெயரும் குளிர்சாதனமும் சேர்ந்து எங்கள் தொழிலைக் கழுவிக் கொடுத்துவிடும் என்றும், இனி யாராவது கேட்டால் வாய் திறந்து சொல்லலாம் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பின் விலைதான் மூன்று லட்சம்.

2018-இல் திறப்பு விழா. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கட்டண அட்டையை ஒவ்வொரு வரியாகப் படித்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுவதற்கு எண்ணூறு ரூபாய் என்றிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது நான் முடி வெட்டிட்டுச் சும்மா செய்யறதுதானடா" என்றார். முடி திருத்துபவர்களில் மிசோரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் இருந்தார். அப்பா அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. அப்பா கண்ணாடியில் அந்தப் பையனுடைய கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டி முடித்ததும் எழுந்து, அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நல்ல கை" என்றார். பையனுக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்து ஒளிரும் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். "உம் பேரு எங்கடா?"

தம்பி சிரித்துச் சமாளித்தான். ஒப்பந்தப்படி அவன் பெயரைப் பலகையில் போடக்கூடாது. ரசீதில் அடியில் சிறிய எழுத்தில் வரும் என்றான். அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தை நான் பின்னர்தான் படித்தேன். சங்கப் பாடல்களுக்கு உரை சொல்பவனுக்கே அதன் வாக்கியங்கள் மூச்சு வாங்க வைத்தன. விற்பனையில் 12 விழுக்காடு ராயல்டி. இலாபத்தில் அன்று, விற்பனையில். எண்ணெயும் பூச்சும் அவர்கள் காட்டும் இடத்திலேயே வாங்க வேண்டும். சலுகை விலையை அவர்கள் அறிவிப்பார்கள், அந்த நட்டத்தை இவன் ஏற்பான். ஐந்தாண்டுகளுக்குள் விலகினால் இழப்பீடு. விலகிய பிறகு இரண்டாண்டுகளுக்கு அந்த வட்டாரத்தில் இதே தொழிலைச் செய்யக்கூடாது. நம் நாட்டில் ஃபிரான்சைஸ் முறைக்கென்று தனிச்சட்டம் எதுவும் இல்லை; 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் வணிகக்குறிச் சட்டமும்தான் இதற்கும். கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் போட்டாயிற்று. மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு ஒரு மேலாளர் இருந்தார். இங்கே மாதம் இருமுறை வந்து, விரிப்பு மடிப்பையும் ஊதுவத்தி மணத்தையும் சோதித்துப் போகும் மேற்பார்வையாளர் இருந்தார். வேற்றுமை என்னவென்றால் அங்கே சம்பளம் வந்தது.

ஆனாலும் முதல் ஒன்றரை ஆண்டு மோசமில்லை. தம்பி மகிழ்ச்சியாகவே இருந்தான். காலையில் தானே கதவைத் திறப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்பான்.

2020 மார்ச்சு இறுதியில் நாடு அடைக்கப்பட்டது. வாடகை நிற்கவில்லை. வங்கித் தவணையை ஆகத்து வரை ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மிசோரப் பையனும் மற்றவர்களும் மே மாதச் சிறப்பு ரயில்களில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஊர்ப்புறங்களில் மே 19 முதல் சலூன்கள் திறக்கலாம் என்றும், சென்னையில் சூன் முதல் நாளிலிருந்து திறக்கலாம் என்றும் ஆணை வந்தது. வருகிறவர்களின் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா தம் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதினார். மேடவாக்கத்தில் என் தம்பி நான்கு நாற்காலிகளுக்கு நடுவே தனியாக நின்றான். திறக்க அனுமதி இருந்தது, கை இல்லை.

அப்போது அப்பா தொலைபேசியில் அவனிடம், "நான் வரட்டுமாடா? இ-பாஸ் வாங்கிடலாம். முகம் மூடிக்கிட்டு செய்யறேன்" என்றார். எழுபத்திரண்டு வயது. தொற்றுக்காலத்தில் இது மடத்தனம் என்று நான் தடுத்தேன். தம்பி ஒரு பேச்சுக்காக மேற்பார்வையாளரிடம் கேட்டுவைத்திருக்கிறான். நிறுவனத்தின் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர் வாடிக்கையாளரைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது. விதி விதிதான். நானே தடுத்த பயணம் அது. இருந்தும், சான்றிதழ் இல்லாதவர் என்ற அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அப்பாவிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. தொற்று காரணமாக வேண்டாம் என்று மட்டும் சொன்னோம்.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்து மறுபடி அடைத்தபோது தம்பி தளர்ந்துவிட்டான். ராயல்டி பாக்கியைத் தள்ளிவைத்தார்களே தவிரத் தள்ளுபடி செய்யவில்லை. முன்பணம் வாடகையில் கரைந்தது. ஆகத்தில் பலகையைக் கழற்றினார்கள். கழற்றிய செலவும் அவனுடையது.

அந்தத் தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். இருவரும் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் பக்கம் நடந்து, தென்பெண்ணையில் கபிலர் குன்றைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்தோம். பாரி இறந்த பின் கபிலர் தம் வாழ்வை முடித்துக்கொண்ட இடமாகச் சொல்லப்படும் பாறை அது. நான் வழக்கம்போல வாத்தியாராகிவிட்டேன். இந்த ஊர் மலையமான் திருமுடிக்காரியைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றைச் சொன்னேன். நாடெல்லாம் பிறருக்கு, பொருளெல்லாம் இரவலருக்கு. மனைவியின் தோளன்றித் தனதென்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஏதுமில்லை என்பது அதன் கருத்து. தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரு குடுத்துட்டு இல்லாம இருந்தாரு. நான் காசு குடுத்து இல்லாம இருந்தேன்" என்றான். பிறகு, "அவ வளையல்கூட இன்னும் மீட்கலண்ணா" என்றான். அதற்குமேல் எனக்குப் பாடம் நடத்த வாய் வரவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை என்பதால் குடும்பத்தோடு திருக்கோவிலூருக்கு வந்துவிட்டான். கடன் இன்னும் மிச்சமிருக்கிறது. 2025 செப்டம்பரில் அழகு நிலையங்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்த செய்தியைக் காட்டி, நன்மைதானே என்றேன். உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது, ஆகையால் வாடகைக்கும் ராயல்டிக்கும் கட்டும் வரி உரிமையாளர் தலையில்தான் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். இன்னமும் அந்தக் கணக்கை மனத்துக்குள் நடத்திக்கொண்டுதான் இருக்கிறான் போலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் கடைக்குப் போகிறான். முதலில் கல்லாவில் உட்கார்ந்தான். பிறகு ஒருநாள், "கத்தி பிடிக்கக் கத்துக்குடுப்பா" என்று கேட்டிருக்கிறான். அப்பா ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. மறுவாரம் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வைத்திருந்தார். ஊதிக் கட்டி, சோப்பு நுரை தடவி, கத்தியால் வழிக்க வேண்டும். இத்தொழிலின் அரிச்சுவடி அது. நான் போன அன்று இரண்டு வெடித்தன. மூன்றாவது வெடிக்கவில்லை. நாற்பத்து நான்கு வயது மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா அந்தப் பலூனை வாங்கிக் கையால் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காதுப் பக்கம் விட்டுட்ட."