மாத்தளையிலிருந்து லொறியேறும் மண்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் வர்த்தமானி மூலம் தடை செய்தபோது ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுந்தது: "காட்டுக்கு யார் பசளை போடுகிறார்கள்?" மறுக்க முடியாத கேள்விபோல் ஒலிப்பது அது. அதற்கான விடையை மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே தேடலாம்.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் நோக்கி ஏறினால் நக்கிள்ஸ் மலைக்காடு. அங்கு எவரும் பசளை இடுவதில்லை என்பது மெய்யே. மூட்டை மூட்டையாக அங்கிருந்து எதுவும் வெளியேறுவதுமில்லை. இலை பழுக்கும்போதே மரம் அதன் நைதரசனிலும் பொசுபரசிலும் கணிசமான பங்கைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. எஞ்சியதே சருகாக விழுகிறது. சருகைப் பங்கசும் மண்புழுவும் பற்றீரியாவும் சிதைக்க, மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் வேர்கள், மழை கழுவிச் செல்லுமுன் அதனை உறிஞ்சிக்கொள்கின்றன. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வீட்டிலிருக்கும் கணக்கு.

இந்தக் காட்டின் நிழலில் ஏலம் பயிரிட்ட காலத்தில் சந்தைக்குப் போனது உலர்ந்த காய் மட்டுமே. ஆயினும் காயை உலர்த்த விறகு வெட்டினார்கள். ஏலத்துக்கு இடம் விட மரக்கன்றுகளையும் அகற்றினார்கள். கன்றில்லாத இடத்தில் நாளைய சருகு எங்கிருந்து விழும்? காடு 2000 ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மலையிறங்கி உக்குவளைப் பக்கம் வந்தால் பலா, சாதிக்காய், கராம்பு என அடர்ந்த வீட்டுத்தோட்டங்கள். மிளகுக்கொடி கிளிரிசிடியாவில் ஏறி நிற்கும். யாழ்ப்பாணத்தவர் சீமைக்கிளுவை என்று வேலிக்கு நடுவதும் இதே மரந்தான். அதன் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியா காற்றின் நைதரசனைப் பயிர் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகிறது; வெட்டிப்போடும் குழை மிளகின் காலடியில் மட்குகிறது. தோட்டத்தைவிட்டு வெளியே போவது சில கிலோ மிளகு. இத்தகைய தோட்டத்துக்குத் தடை ஒரு பொருட்டாக இருந்திராது.

தம்புள்ளை, கலேவெல பக்கத்து வயல்களும் வெங்காயப் பாத்திகளும் வேறு வகை. 1999 இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவோடிரவாகக் கொழும்புக்குப் புறப்படுகின்றன. ஒவ்வொரு மூட்டையிலும் மண்ணின் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு தொன் நெல்மணி ஏறத்தாழ 10 முதல் 15 கிலோ வரை நைதரசனை எடுத்துச் செல்லும். ஹெக்டயருக்கு 4 தொன் விளைந்தால் 40 முதல் 60 கிலோ. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உள்ள சேதனப் பசளையால் அதை ஈடுசெய்வதானால் 4 முதல் 6 தொன் வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற்போகத்தில் பயிருக்குக் கிட்டும். இவ்வளவையும் சில மாதங்களில் விவசாயி எங்கிருந்து திரட்டுவது? தடை அந்த நவம்பரில் நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது.

எடுத்துச் சென்றது எங்கே போனது என்பதையும் கேட்க வேண்டும். 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்திரிகைக்காரர்களுக்கு அது அனர்த்தச் செய்தி. வேளாண்மைச் செய்தியும் அதனுள் புதைந்திருந்தது. தலைநகரின் சமையலறைகள் கழித்த காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் அங்கே மலையாகக் குவிந்திருந்தன. நாட்டின் பல வயல்களுக்குத் திரும்பியிருக்க வேண்டியவை அவை.

திரும்பும் வழி ஒன்று மாத்தளை நகரிலேயே முன்பு பரீட்சிக்கப்பட்டதுதான். 2007 இல் மாநகர சபையும், செவனத்த என்ற தொண்டு நிறுவனமும், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் ஆணைக்குழுவும் சேர்ந்து நகரின் மட்கும் குப்பையைப் பசளையாக்கும் நிலையம் ஒன்றை ஆரம்பித்தன. பங்களாதேஷில் கையாளப்பட்ட முறை அது. அத்தகைய நிலையங்களைக் கொழும்பளவு பெருக்கிய பின் தடையைப் பற்றிப் பேசியிருந்தால், விவாதிக்கவாவது ஏதேனும் இருந்திருக்கும். 2021 இன் வர்த்தமானி அதற்காகக் காத்திருக்கவில்லை. தம்புள்ளை லொறிகள் கொழும்பிலிருந்து வெறும் பெட்டிகளோடு திரும்பின.